தடியன், நடுவன், ஒல்லி

அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவர் மகள் பிரான்ஸ் நாட்டு லியோனிலிருந்து எனக்குக் கடிதம் எழுதுவாள். அவள் கடிதங்கள் நீளமானவை. அந்த அப்பாவின் மகள் அல்லவா.

ஊரில் எல்லோரும் அவரை முசே என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தக் காலப் புதுச்சேரியில் பூட்ஸ் போட்டு நடந்த ஆண்கள் அத்தனை பேரும் முசேதான். ஆனால் மற்றவர்களுக்கு முசேக்குப் பின்னால் ஒரு பெயரும் தேவைப்பட்டது. இவருக்கு வெறும் முசே போதும். சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டால் யாரென்று புரிந்துவிடும்.

நான் அப்போது கல்யாணமாகாத மத்மசேல், மிஷன் வீதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். முதலாளி காலையில் ஒரு மணி நேரம் வந்து தன் மூட்டுவலியைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார். மீதி நேரம் கடையில் இருந்தது நானும், ஒரு நல்ல தராசும், புட்டிகளுக்குச் சீட்டு அடிக்க ஒரு பிரெஞ்சு டைப்ரைட்டரும். ஐம்பத்து நான்காம் வருடத் தொடக்கத்தில் ஒரு முற்பகலில் முசே உள்ளே வந்தார். குட்டையான மனிதர், கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை. தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, கைக்குட்டையைப் பிரித்து, மூன்று தோட்டாக்களைக் கண்ணாடிப் பலகை மேல் வரிசையாக நிறுத்தினார். ஒன்று என் கட்டைவிரலைவிடத் தடிமன். ஒன்று அதைவிடச் சற்றே ஒடுங்கியது. மூன்றாவது ஒல்லியாக, நெட்டையாக, உபவாசம் இருக்கும் கன்னியாஸ்திரியைப் போல நின்றது.

“பயப்படாதீங்க மத்மசேல். உள்ள மருந்து இல்ல.”

“மருந்து இல்லாத சாமானுக்கு மருந்துக்கடையில என்ன வேலை முசே?”

அவர் சிரிக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் கடையைத் தாண்டிப் போகும்போது வாசலில் நின்று, சிரித்துவிட்டுப் போனார். எதையும் யோசிக்காமல் செய்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

அன்றைக்கு வந்தது குண்டுகளை எடை போட. தோட்டாவின் முனையில் இருந்த குண்டுகள் கையால் திருகினால் கழன்று வரும்படி செருகப்பட்டிருந்தன. தடியனுடைய குண்டு முப்பத்தொரு கிராம், நடுவனுடையது இருபத்தாறு, ஒல்லியுடையது பதினெட்டரை. ஒவ்வொன்றையும் மூன்று தடவை போடச் சொன்னார். மூன்று தடவையும் அதே எடைதான் வந்தது. அதையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

கதை இதுதான். முசே சைகோனில் சுங்கத்துறைக் கிடங்கில் வேலை பார்த்தவர். பறிமுதல் செய்த துப்பாக்கிகள் அவர் பொறுப்பில். எண்ணெய் போடுவார், சீட்டுக் கட்டுவார், அலமாரியில் அடுக்குவார். சுடுவதற்கு மட்டும் அனுமதி இல்லை. மிட்டாய்க் கடையில் இருபது வருடம் நின்ற சர்க்கரை வியாதிக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை யாரோ ஒரு ரப்பர் தோட்டத்துத் துரையின் ரெட்டைக்குழாய்த் துப்பாக்கி அங்கே வந்து மூன்று வாரம் இருந்தது. கல்யாணமான முதல் மூன்று வாரத்தில்கூட அவர் தன்னை அப்படிப் பார்த்ததில்லை என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறாள். பென்ஷன் வாங்கி ஊர் திரும்பியதும் அவர் செய்த முதல் காரியம், அந்தத் துப்பாக்கியில் பேர் பொறித்திருந்த பெல்ஜியக் கொல்லருக்கு எழுதித் தனக்கும் ஒன்று செய்யச் சொன்னது. கை நீளம், கழுத்து உயரம், கன்னத்தின் சதைப்பிடிப்பு வரை அளவெடுத்து அனுப்பினார். எல்லாம் முடிவாகிவிட்டது. எந்தத் தோட்டாவுக்கு என்பது மட்டும் பாக்கி.

“அதையும் சொல்லிட வேண்டியதுதானே முசே?” என்று கேட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

“ரெட்டைக்குழாய்னா ரெண்டு குழாயும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். ஆனா ரெண்டு குண்டும் ஒரே எடத்துல போயி விழணும். அதுக்காவ கொல்லரு சுட்டுச் சுட்டுப் பாத்து, நடுவுல ஆப்பை நகத்தி நகத்தி, ரெண்டையும் ஒன்னாச் சேத்துப் பத்த வெப்பாரு. எந்தத் தோட்டாவுக்குப் பத்த வெச்சாரோ அதுக்கு மட்டுந்தான் அது சரியா சுடும். வேற தோட்டா போட்டீங்கன்னா ஒரு குண்டு வில்லியனூருக்குப் போவும், இன்னொன்னு அரியாங்குப்பத்துக்குப் போவும்.”

“அப்ப கல்யாணம் மாதிரின்னு சொல்லுங்க.”

“கல்யாணம் பரவால்ல மத்மசேல். பொண்டாட்டி அனுசரிச்சிப் போவா.”

அனுசரித்துப் போகிறவளாகச் சொல்லப்பட்ட மதாம் ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. பெரிய மார்க்கெட்டில் நுழைந்து, ஒரே ஒரு மீனைச் சுட்டிக் காட்டி, வாங்கிக்கொண்டு, வண்டி திரும்புவதற்குள் வெளியே வந்துவிடுவாள். ஒரு தடவை மீன் வாங்க முசே போனார். வஞ்சிரமா, கொடுவாவா என்று அவர் நின்ற நேரத்தில் இரண்டும் விற்றுப்போய், கடைசியில் மீன்காரியே பரிதாபப்பட்டு ஒரு கூறு நெத்திலியைப் பையில் போட்டு அனுப்பினாள். தோட்டாக்களுக்குத் தடியன், நடுவன், ஒல்லி என்று பேர் வைத்தது மதாம்தான். தடியனை அவள் ஏலக்காய் நசுக்க எடுத்துக்கொண்டாள். எடைக்கு எடை நல்ல குழவி என்று என்னிடம் புகழ்ந்தாள்.

மகளுடைய ஞானஸ்நானக் கதையையும் அவளே சொன்னாள். சைகோனில் பிள்ளை பிறந்து ஐந்து மாதமாகியும் முசேக்குப் பேர் முடிவாகவில்லை. பதினேழு பேர்கள் கைவசம் இருந்தன. கோயிலில் சாமியார் தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு, “பேர் என்ன?” என்று கேட்டார். முசே மேலே பார்த்தார், கீழே பார்த்தார். சாமியார் கையிலிருந்த தண்ணீர் வழிந்துபோய் மறுபடியும் எடுத்தார். மூன்றாவது தடவை எடுக்கும்போது, அன்றைக்கு எந்தப் புனிதையின் திருநாளோ அவள் பேரையே வைத்து முடித்துவிட்டார். அந்தப் புனிதைக்குப் பல்வலிக்காரர்கள்தான் வேண்டிக்கொள்வார்களாம். அந்தப் பெண் இன்றுவரை அதை மன்னிக்கவில்லை. அவள் பேர் பொலோனி.

கொல்லருக்குப் போகும் கடிதங்களை அடிப்பது என் வேலை ஆயிற்று. முசேக்கு நல்ல பிரெஞ்சு தெரியும். ஆனால் கையால் எழுதியதை மதிப்புள்ள மனிதர்கள் படிக்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். பெல்ஜியத்து லியேஜ் ஊரில் அந்தக் கொல்லக் கிழவருக்கும் மகள்தான் டைப் அடித்தாள். கிழவரும் லேசுப்பட்டவர் இல்லை. என்ன மிருகம், எவ்வளவு தூரம், புல்லா, புதரா என்று பக்கம் பக்கமாகக் கேட்பார். ஒரு கடிதத்தில், வெயிலில் தோட்டாவுக்குள் இருக்கும் மருந்தின் வேகம் கூடிவிடும், பித்தளை உப்பிக் குழாயில் சிக்கிக்கொள்ளும், உங்கள் ஊரில் மே மாதம் ஒரு அலமாரிக்குள் எவ்வளவு சூடு என்று கேட்டிருந்தார்.

முசே என்னிடம் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிப் போய், மே மாதம் முழுக்க மதாமின் புடவை அலமாரிக்குள் வைத்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் திறந்து பார்த்தார். முப்பத்தொரு நாள். அந்த மாதம் மதாம் புடவை எடுக்க வேண்டுமென்றால் அனுமதி கேட்டு எடுக்க வேண்டியிருந்தது, கதவைத் திறந்தால் காற்று புகுந்து கணக்குக் கெட்டுவிடும் என்று.

அந்த வருடக் கடைசியில் கொடி மாறியது. பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். ஊரே எதிர்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. முசேயின் கவலை துப்பாக்கி லைசென்ஸ். புதிய விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருந்ததால் அதற்கும் நானே போனேன். சென்னைப் பக்கத்திலிருந்து வந்திருந்த இளம் அதிகாரி காகிதத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“வேட்டைக்குன்னு போட்டிருக்கீங்க. என்ன மிருகம்?”

“அதைத்தான் சார் யோசிச்சிட்டு இருக்கேன்.”

“எத்தனை நாளா?”

“ஏழு வருஷமா.”

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தோட்டாக்களின் அளவைக் கேட்டார். முசே மூன்றையும் சொன்னார்.

“நானூத்தம்பது ஆகாது. அது தடை பண்ண அளவு. வெள்ளைக்காரன் போட்ட பழைய சட்டம். அவன் போயிட்டான், சட்டம் இருக்குது. மத்த ரெண்டும் பரவாயில்ல.”

நானூற்று ஐம்பது என்பது தடியன், நானூறு என்பது நடுவன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் முகமெல்லாம் மலர்ச்சி. “பாத்தீங்களா மத்மசேல், சர்க்காரே ஒன்னைக் கழிச்சிட்டாங்க” என்றார். புதிய அரசாங்கத்தைப் பற்றி அன்றைக்குப் புதுச்சேரியில் அவ்வளவு மனமார நன்றி சொன்ன ஆள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். மதாமிடம் சொன்னபோது, “அப்படியே இன்னொன்னையும் கழிச்சிருந்தா இன்னா, கையா வலிக்கும் அந்தாளுக்கு?” என்றாள்.

நடுவனா, ஒல்லியா? இது இன்னும் இரண்டு வருடம் ஓடியது. முசே ஊர் முழுக்க அபிப்பிராயம் கேட்டார். முடிவெட்டுகிறவர், பங்குச் சாமியார், ரொட்டிக்காரர், தேங்காய்த்திட்டில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர். அந்த மீனவர் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்து, “இதால மீன் புடிக்க முடியுமா?” என்றார். முடியாது என்றதும், “அப்ப எதுவா இருந்தா இன்னா முசே?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வந்து எனக்குப் படித்துக் காட்டினார், ஆழ்ந்த கருத்து என்று.

பிறகு ஒரு நாள் லியேஜிலிருந்து சின்னக் கடிதம் ஒன்று வந்தது. அது சின்னதாக இருந்ததே பயமாக இருந்தது. கிழவருக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. ஒரு கண்ணும் மங்கல். இன்னும் ஒரு துப்பாக்கிக்கு மட்டும் குழாய் சேர்க்க முடியும் என்று தோன்றுகிறது, அது உங்களுடையதாக இருக்கட்டும் என்று நினைக்கிறேன், ஈஸ்டருக்குள் பதில் வராவிட்டால் குழாய்களைத் தனித்தனியாக விற்றுவிட்டுப் பட்டறையை மூடுகிறேன் என்று எழுதியிருந்தார்.

முசேக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பாசாங்கு இல்லை, நானே பார்த்தேன், நூற்று இரண்டு. இரண்டு வாரம் போயிற்று. மூன்றாவது வாரம் காலையிலேயே மதாம் கடைக்கு வந்தாள்.

“கிளாரா, அந்த மனுசன் சோறு தின்னமாட்டேங்கறாரு. ராவெல்லாம் அதயும் இதயும் கையில வெச்சிக்கினு உக்காந்துக்கினு இருக்காரு. எனக்கு பிரெஞ்சு எழுத வராது. வந்திருந்தா என்னிக்கோ முடிச்சிருப்பேன்.”

“நான் என்ன பண்றது மதாம்?”

“டைப்பு உங்கிட்டதானே இருக்குது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று மத்தியானம் முசே வந்தார். முகம் வெளிறியிருந்தது. அவர் சொன்ன கடிதத்தின் சாரம்: ஐயா, தங்கள் அன்புக்கு நன்றி, இன்னும் ஒரு மே மாதத்தின் சூட்டை அளந்து பார்க்க அனுமதி வேண்டும். நான் முதல் பத்தியை அவர் சொன்னபடியே அடித்தேன். இரண்டாவது பத்தியில், தீர யோசித்து ஒன்பது புள்ளி மூன்று மில்லிமீட்டர் தோட்டாவையே தேர்ந்தெடுக்கிறேன், அதற்கே குழாய்களைச் சேர்த்துவிடுங்கள் என்று அடித்தேன். அது ஒல்லி. ஏன் ஒல்லி என்றால், முசே சைகோனில் ஏணியிலிருந்து விழுந்து வலது தோள் எலும்பை உடைத்துக்கொண்டவர். மழைக்காலம் வந்தால் அந்தத் தோளுக்குத் தைலம் விற்றது நான்தான். இரண்டில் எது தோளில் குறைவாக உதைக்கும் என்று அவர் நோட்டிலேயே எழுதியிருந்தார். யானை சுடப் போகிறவர் போலவும் எனக்குத் தோன்றவில்லை.

காகிதத்தை உருவிக் கொடுத்துவிட்டு, அலமாரிப் பக்கம் திரும்பி, அடுக்கியிருந்த புட்டிகளை மறுபடி அடுக்கினேன். திரும்பியபோது கையெழுத்துப் போட்டிருந்தார். நானே தபாலில் சேர்த்தேன்.

அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன், ஒருவருடைய கடிதத்தை அவருக்குத் தெரியாமல் மாற்றி அடித்துவிட்டேன் என்று. கம்பிவலைக்கு அந்தப் பக்கமிருந்து கேள்வி வந்தது.

“எந்தத் தோட்டான்னு எழுதின?”

“ஒல்லி, சாமி.”

“நான் நடுவன்னு சொல்லியிருந்தேன்” என்றார். பத்து அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். எந்தக் குற்றத்துக்கு என்று நான் கேட்கவில்லை.

துப்பாக்கி வந்து சேர இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. இடையில் எழுதிய கடிதங்களில் கொல்லர் துப்பாக்கியின் பூட்டைப் பற்றியும் பிடிமரத்தின் ரேகையைப் பற்றியும் மட்டுமே பேசினார். முசேயும் தோட்டாப் பேச்சை எடுக்கவில்லை. காய்ச்சலோடு அதுவும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். பெட்டி வந்த அன்று என்னை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். நான் வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு போனேன். பச்சைத் துணி விரித்த பெட்டிக்குள் அது படுத்திருந்தது. குழாயின் அடியில் அளவு பொறித்திருந்தது. முசே அதன் மேல் ஆள்காட்டி விரலை வைத்து மெதுவாக ஓட்டினார். மதாம் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“நல்லா இருக்குது” என்றார். அவ்வளவுதான். கூட ஒரு தபால் அட்டை இருந்தது. எண்பது மீட்டரில் இரண்டு குழாயும் இந்த அட்டைக்குள் சுட்டன என்று கொல்லர் எழுதியிருந்தார். அட்டையில் இரண்டு ஓட்டைகள் இருந்தன, ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு.

செஞ்சிப் பக்கம் மதாமின் தம்பிக்கு மணிலாக்கொட்டைக் கொல்லை உண்டு. காட்டுப்பன்றி வந்து தோண்டித் தின்கிறது என்று ஆள் அனுப்பினான். முசே போனார். சாப்பாட்டுக் கூடையோடு மதாமும் போனாள். அங்கே நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“போறதுக்கு முந்தின நாளு தொப்பி எடுத்துக்கறதா வேணாமான்னு சாயங்காலம் வரைக்கும் யோசிச்சாரு. விடிகாத்தால வரப்புல ஒக்காந்தோம். எனக்கு ஒரே பயம். பன்னி வந்து நின்னு, இவுரு யோசிச்சி முடிக்கறதுக்குள்ள அது குட்டி போட்டு, குட்டிக்குக் கல்யாணம் ஆயிடும்னு. அது வந்துதுடி கிளாரா. எந்தம்பி கண்ணுல படல, எங்கண்ணுல படல. சத்தம் மட்டும் கேட்டுது. பாத்தா பன்னி கெடக்குது. யோசிக்கவே இல்ல அந்த மனுசன்.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா, எழுந்து போயி, அதும் முன்னாடி நின்னு, தொப்பியக் கழட்டி, ‘பர்தோன்’னு மன்னிப்பு கேட்டாரு. பன்னிகிட்ட. எந்தம்பி அப்படியே ஒக்காந்துட்டான்.”

பன்றிக்கறி எங்கள் தெருவுக்கே வந்தது. வினிகர் ஊற்றி, பட்டை கிராம்பு போட்டு மதாம் சமைத்திருந்தாள். முசே சாப்பிட்டார், நன்றாகவே சாப்பிட்டார். சிரித்தவர்கள் ஒரு மாதம் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அவர் கெட்டுப்போனார். நடுப்பகலில் கடைக்கு வருவார். கேட்பதற்கு ஒன்றும் இருக்காது. தராசைப் பார்ப்பார். ஒரு தைலப் புட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பார். முடிவெட்டுகிறவர்கூட என்னிடம் விசாரித்தார், முசேக்கு உடம்பு சரியில்லையா, ஒன்றுமே கேட்க மாட்டேன் என்கிறாரே என்று. பொறுக்க முடியாமல் ஒரு நாள் நானே காகிதத்தை மாட்டி, “பன்னி விஷயத்தைக் கொல்லருக்கு எழுத வேணாமா முசே?” என்று கேட்டேன். நாலு பக்கம் சொன்னார். காற்று எந்தப் பக்கம் அடித்தது, குண்டு எங்கே நுழைந்தது, தோள் கொஞ்சமும் வலிக்கவில்லை, எல்லாம்.

பதில் வர மூன்று மாதமாயிற்று. உறையின் ஓரத்தில் கறுப்புக் கோடு போட்டிருந்தது. மகள் எழுதியிருந்தாள். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று முசே சொன்னதால் நான் உரக்கப் படித்தேன்.

அப்பா குளிர்காலத்தில் இறந்துவிட்டார். அவர் கடைசியாகக் குழாய் சேர்த்தது உங்களுக்குத்தான். உங்கள் கடிதம் வந்தால் அன்றைக்குப் பட்டறையில் வேலை நடக்காது, எனக்கும் அவருக்கும் சண்டைதான். நீங்கள் நானூறைத்தான் எடுப்பீர்கள் என்றார் அப்பா. நான் இல்லை, ஒன்பது புள்ளி மூன்றுதான் என்றேன். ஒரு புட்டி பர்கண்டி ஒயின் பந்தயம். தோற்ற அன்றைக்கு அவர் வாங்கிக்கொண்டு வந்து, முக்கால் புட்டியை அவரே குடித்தார். பல வருடங்களாக ஒரு மனிதரை இவ்வளவு தெரிந்து வைத்திருந்தும் கணிக்க முடியவில்லையே என்று அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்டார்.

படித்து முடித்துக் கடிதத்தை மடித்தேன். முசே தொப்பியை மடியில் வைத்து அதன் விளிம்பைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“முசே, உங்ககிட்ட ஒன்னு சொல்லணும். அந்தத் தோட்டாவ நீங்க எடுக்கல. நான்தான் மாத்தி அடிச்சிட்டேன்.”

“தெரியும்.”

“எப்படி?”

“கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிச்சேன். ரெண்டு தடவ படிச்சேன். நீங்க புட்டி அடுக்கிட்டு இருந்தீங்க.”

“அப்ப ஏன் ஒன்னும் சொல்லல?”

“சொல்லியிருந்தா கிழிச்சிட்டு வேற அடிச்சிருப்பீங்க. அது எனக்குப் பயமா இருந்துது.”

யாரோ இருமல் மருந்து கேட்டு வந்தார்கள், கொடுத்து அனுப்பினேன்.

“அந்தக் கெழவர் சொன்னது சரிதான் மத்மசேல்” என்றார். “எம்மனசுல நானூறு, நம்ம நடுவன்தான் இருந்துது. அவுரு என்னைச் சரியாத்தான் புரிஞ்சி வெச்சிருந்தாரு.”

“அப்ப அந்தப் பொண்ணுக்கு உண்மைய எழுதிடலாமா? பந்தயத்துல ஜெயிச்சது அவுங்க அப்பாதான்னு?”

எப்போதும் போல நெடுநேரம் காக்க வேண்டியிருக்கும் என்று நினைத்து விரல்களை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் உடனே தலையை ஆட்டினார்.

“வேணாம். அவ அப்பாகிட்ட ஜெயிச்ச கடைசிப் பந்தயம். அது அவகிட்டயே இருக்கட்டும். காகிதத்த மாட்டுங்க.”

நிறுத்தாமல் சொன்னார். மத்மசேல், உங்கள் தந்தையின் மறைவுக்கு என் மனைவியும் நானும் வருந்துகிறோம். கையெழுத்துப் போடுகிற அந்த நிமிடம் வரைக்கும் நான் அவர் பக்கம்தான் இருந்தேன். வென்றது நீங்கள். அந்தப் புட்டியில் கால் பங்காவது உங்களுக்குக் கிடைத்ததில் மகிழ்ச்சி.

ஓர் எழுத்தும் மாற்றாமல் அடித்தேன்.